காவிரிப் படுகையில் வலைக்கூடாரம்: வாங்குவது, விரிப்பது, மடக்குவது

மாசி மாதத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போவோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம், வயலுக்கு நடுவே ஒரு திடல், ஒரு வேப்பமரம், ஒரு கீற்றுக்கொட்டகை, அவ்வளவுதான் கோயில். பகலெல்லாம் சுகமாக இருக்கும். பொழுது சாய்ந்து வாய்க்காலில் தவளை கத்த ஆரம்பித்ததும் கொசு இறங்கிவிடும். பானை பொங்குவதற்குள் பிள்ளைகள் கால் முழுக்கத் தடிப்பு. கைக்குழந்தையோடு வந்தவர்கள் அரிசி வேகும் முன்னே வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். இதற்காகவே பாப்-அப் வலைக்கூடாரம் ஒன்று வாங்கினேன்.

முதல் தடவை அதை அறுவடை முடிந்த வயலில், நெல் தாளின் மேலேயே விரித்தேன். நான்கு பக்கமும் வலை, மேலே துணிக்கூரை, வாசலுக்கு ஜிப். விளக்கு வைத்த அரை மணி நேரத்தில் உள்ளேயும் கொசு. நான் ஜிப்பைப் பார்க்கிறேன், கூரைத் தையலைப் பார்க்கிறேன், எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. என் அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: “தம்பி, மேல என்னத்தப் பாக்குற? கொசு காலடியிலதான வருது.” குனிந்து டார்ச் அடித்தேன். நெல் தாள் குத்திட்டு நின்ற இடமெல்லாம் வலையின் அடித்தொங்கல் தூக்கிக்கொண்டு, நான்கு விரல் நுழையும் சந்து. அத்தை எழுந்து போய்ப் போரிலிருந்து ஒரு கை வைக்கோலை உருவி, உள்ளங்கையால் முறுக்கிப் புரி திரித்து, தொங்கலின் மேல் சுற்றிலும் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தார். பத்து நிமிஷ வேலை. அதன் பிறகு உள்ளே வந்தது ஆட்கள் மட்டும்தான்.

வலைக்கூடாரம் வாங்கப் போகும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். விளம்பரப் படத்தில் கூரையையும் உயரத்தையும் காட்டுவார்கள். நம் ஊர் மண்ணில் எல்லாமே வலை தரையைத் தொடும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. வாங்கும்போதும், இடம் பார்க்கும்போதும், விரிக்கும்போதும் அந்த ஓரத்தையே நினைத்துக்கொண்டிருங்கள்.

எந்த ரகம்

கடையில் மூன்று ரகம் பார்க்கலாம்.

ஒன்று, எஃகுச் சுருள் ரகம். பையைத் திறந்து தூக்கிப் போட்டால் தானே விரியும். மடக்கினால் சுளகு போல வட்டமாக, கையில் தூக்கிப் போகும் அளவில் இருக்கும். சின்னது, லேசானது, பஸ்ஸில்கூடக் கொண்டு போகலாம். ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. குழந்தையைக் கிடத்த, இரண்டு பேர் உட்கார்ந்திருக்கப் போதும்.

இரண்டாவது, குமிழ் ரகம். ஒவ்வொரு சுவரின் நடுவிலும் கூரை நடுவிலும் ஒரு குமிழ் இருக்கும். அதிலிருந்து ஃபைபர் கிளாஸ் கம்பிகள் மூலைகளுக்குப் போகும். குமிழை வெளியே இழுத்தால் கம்பிகள் வில் போல வளைந்து, சுவர் ‘டப்’பென்று விறைத்து நிற்கும். பழகியவர் இரண்டு மூன்று நிமிஷத்தில் விரித்துவிடலாம். பத்தடிக்குப் பத்தடி அளவில் நடுவே ஆள் நிமிர்ந்து நிற்கலாம், ஒரு மேசையும் ஐந்தாறு நாற்காலியும் போடலாம். நான் வைத்திருப்பது இந்த ரகம்தான், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

மூன்றாவது, கத்தரி போல விரியும் இரும்புச் சட்டத்துக்கு மேலே துணியும் சுற்றிலும் வலையும் மாட்டுவது. திருவிழாவில் மோர்ப் பந்தலுக்குப் போடுகிறார்களே, அதே சட்டம்தான். கனமானது. வலையைத் தனியாகக் கோக்க வேண்டியிருப்பதால் மூலைகளில் சந்து விழும். வீட்டு வாசலில் நிரந்தரமாகப் போட்டு வைக்க நல்லது, அலைந்து திரிகிறவர்களுக்கு ஆகாது.

குமிழ் ரகத்தில் ஒரு விஷயத்தை வாங்கும் முன் யோசித்துவிடுங்கள். மடக்கினால் அது மெலியும், குட்டையாகாது. பெரிய அளவு வாங்கினால் பை ஐந்து முதல் ஆறடி நீளத்துக்கு இருக்கும், எடை பதினைந்து கிலோவை ஒட்டி வரும். சின்னக் காரில் பின்சீட்டை மடக்கினால்தான் போகும். இரு சக்கர வண்டி நினைப்பே வேண்டாம். முதலில் வண்டியில் குறுக்காக எவ்வளவு இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் கூடாரத்தின் அளவைப் பாருங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

முதலில் அடித்தொங்கல். சுவர் வலை தரையில் முடிந்த பிறகும் ஒரு சாண் அளவுக்குத் துணி மிச்சமாக வெளியே படர்ந்து கிடக்க வேண்டும். அதன் மேல்தான் மண்ணோ மணல் சாக்கோ போட்டு அமுக்குவோம். தொங்கல் இல்லாமல் வலை அப்படியே தரையோடு முடிகிற கூடாரம் சிமென்ட் தரைக்கு மட்டும் சரி. வயல்காட்டுக்கு அதை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

அடுத்தது வலைக்கண். சாதாரணக் கொசுவலை சதுர அங்குலத்துக்கு 156 கண், ஒரு கண் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். கொசுவை நிறுத்த இது போதும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம், உப்பங்கழி ஓரம் உட்காரப் போகிறீர்கள் என்றால் இது போதாது. அங்கே கண்ணுக்கே தெரியாத பொடிப்பூச்சி உண்டு, அது இந்தக் கண்ணில் நுழைந்து வந்து சுரீரென்று கடிக்கும். அதற்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். ஆனால் வலை நெருங்க நெருங்கக் காற்று குறையும், சித்திரையில் உள்ளே புழுங்கும். வயல்வெளிக்கு மட்டும் என்றால் சாதாரண வலையே நல்லது.

வலை கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், வெளியே பார்வை போகாது. கறுப்பு வலைக்குள்ளிருந்து பார்த்தால் வலை இருப்பதே மறந்துபோகும், நாரை வரப்பில் நடப்பது வரை தெரியும். ராத்திரியில் உள்ளே விளக்கு எரிந்தால் எந்த வலையானாலும் வெளியே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். உடை மாற்றவோ குழந்தைக்குப் பால் கொடுக்கவோ ஒரு பக்கம் சேலையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வாசல் ஜிப் இரண்டு பக்கமும் இழுக்கும்படி இருக்கிறதா, கடைசிப் பல் வரை மூடுகிறதா என்று கடையிலேயே ஐந்தாறு தடவை இழுத்துப் பாருங்கள். வாசலுக்குக் கீழே தடுக்கும் படி இல்லாமல் இருந்தால் வயதானவர்களுக்கு நல்லது, ஆனால் கொசுவுக்கும் அதுதான் வழி. ஒரு சாண் உயரப் படி இருப்பதையே நான் எடுப்பேன். பெரியவர்களுக்குக் கை கொடுத்துக்கொள்ளலாம்.

கூரைத் துணி எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 1000 என்றால் தூறலுக்கு, 2000 என்றால் ஒரு மழைக்கு. ஆனால் சுவர் வலைதானே, சாரல் உள்ளே வரத்தான் செய்யும். பக்கவாட்டில் மாட்டும் தனித்துணி கிடைத்தால் இரண்டு பக்கத்துக்காவது வாங்கி வையுங்கள். மழைக்கு மட்டுமில்லை, பிற்பகல் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் உதவும்.

இடம் பார்ப்பது

டெல்டாவில் வெறும் இடம் என்று நினைத்த இடம் பெரும்பாலும் வெறும் இடமாக இருக்காது. சம்பா அறுத்த வயல் தாளோடு காய்ந்து கிடக்கிறது என்று நினைப்போம். குனிந்து பார்த்தால் தாளுக்கு இடையே உளுந்தோ பயறோ இரண்டு இலை விட்டிருக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, ஈரம் இருக்கும்போதே நெல்லுக்குள் விதைத்திருப்பார்கள். அதன் மேல் கூடாரம் விரித்தால் ஒரு குடும்பத்தின் தை மாத உழைப்பை மிதிக்கிறோம். யார் வயல் என்று விசாரித்து, கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் அவர்களே “களத்துல போட்டுக்குங்க தம்பி, அங்க சமதளமா இருக்கும்” என்று இடம் காட்டுவார்கள். வரப்பில் மட்டும் முளை அடிக்காதீர்கள். அடுத்த முறை தண்ணீர் விடும்போது அந்த ஓட்டையில்தான் கசிவு ஆரம்பிக்கும்.

என் அனுபவத்தில் மிக நல்ல இடம் நெல் அடிக்கும் களம். சாணி மெழுகிய கெட்டித் தரை, தொங்கல் ஒட்டிப் படியும். அடுத்தது மணல் பாங்கான திடல். புல்தரை என்றால் கணுக்கால் உயரத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், தொங்கல் விழும் ஓரத்தில் மட்டுமாவது அரிவாளால் செதுக்கிக்கொள்ளுங்கள்.

தென்னந்தோப்பு நிழலைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புகள் அழகுதான், ஆனால் காயும் மட்டையும் சொல்லிக்கொண்டு விழாது. துணிக்கூரை அதைத் தடுக்காது. இரண்டு வரிசைக்கு நடுவே, மட்டை நுனி தொடாத இடம் இருந்தால் மட்டும் போடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எத்தனை தோப்பு தரையோடு படுத்தது என்று பார்த்தவர்களுக்குக் காற்று நாளில் தென்னைக்கு அடியில் உட்கார மனசே வராது.

ஆற்றுக்குள் போடுவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொள்ளிடத்தின் வெள்ளை மணலைப் பார்த்தால் யாருக்கும் அங்கே விரிக்கத் தோன்றும். கொள்ளிடம் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிற ஆறு. காவிரியில் மிஞ்சும் தண்ணீரை முக்கொம்பிலும் கல்லணையிலும் அதில்தான் திருப்புவார்கள். இங்கே ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் மேலே திறந்த தண்ணீர் ராத்திரியில் வந்து சேரலாம். ஆடிப்பெருக்குக்குப் போனாலும் கரைக்கு மேலே, மேட்டில் விரியுங்கள். படித்துறையில் குளித்துவிட்டு ஏறி வந்து சித்ரான்னம் சாப்பிடலாம்.

கோடியக்கரையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் விரிக்கக் கூடாது. வெளிமான் மேயும் இடம் அது.

இடம் முடிவானதும் சுற்றி ஒரு பத்தடி நடந்து பாருங்கள். நண்டு வளை, எலி வளை, வைக்கோல் போர், செங்கல் குவியல் இருந்தால் தள்ளிப் போங்கள். எலி இருக்கும் இடத்தில் அதைத் தேடி வருவதும் இருக்கும்.

விரிப்பது

மாலை ஐந்து மணிக்குள் விரித்து முடித்துவிட வேண்டும். தேங்கிய தண்ணீரிலும் வயல் நீரிலும் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுக்கள் அந்தி மயங்கியதும் கிளம்பி ராத்திரி முழுக்கக் கடிப்பவை. யானைக்காலும் மூளைக்காய்ச்சலும் அந்தக் கூட்டத்தால் பரவுபவைதான். விளக்கு வைத்த பிறகு விரித்தால் கொசுவை உள்ளே வைத்தே மூடுவீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதனால் பகலிலும் ஜிப்பைத் திறந்துபோட வேண்டாம்.

முதலில் தரையைக் கையால் தடவிக் கல், முள், தாள் முனை எல்லாவற்றையும் எடுங்கள். பையிலிருந்து கூடாரத்தை உருவி, கட்டை அவிழ்த்து, கால்களை மூலைக்கு மூலை பரப்புங்கள். குமிழ் ரகத்தில் சிலவற்றில் கூரையை முதலில் எழுப்ப வேண்டும், சிலவற்றில் சுவர்களை எழுப்பிய பிறகு உள்ளே போய்க் கூரையை மேலே தள்ள வேண்டும். கூடவே வரும் செய்முறைக் காகிதத்தில் எந்த வரிசை போட்டிருக்கிறதோ அதையே செய்யுங்கள். வரிசை மாறினால் கம்பி முறுக்கிக்கொண்டு உடையும். சுவரை எழுப்ப, குமிழில் இருக்கும் பட்டையைப் பிடித்து நேராக, ஒரே சீராக வெளியே இழுங்கள். வெட்டி இழுக்கக் கூடாது. விரலைக் கம்பி சேருமிடத்தில் வைக்காதீர்கள், நசுக்கிவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டு இழுக்க வருவார்கள், முகத்தைக் குமிழுக்கு நேரே வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி விறைக்கும்போது வேகம் அதிகம்.

இதை முதல் தடவை வயலில் போய்ச் செய்யாதீர்கள். வீட்டு மாடியில் இரண்டு தடவை விரித்து மடக்கிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

நின்றதும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வாசலை அதற்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். லேசாக இருப்பதால் இரண்டு பேர் தூக்கித் திருப்பலாம். காற்று வரும் பக்கத்து மூலைகளுக்கு முதலில் முளை அடியுங்கள், அப்புறம் மற்ற மூலைகள், கடைசியாகக் குமிழ்களிலிருந்து வரும் கயிறுகள். முளையின் தலை கூடாரத்திலிருந்து வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் சேருமிடம் மூலைமட்டம் மாதிரி இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகளை நம்பாதீர்கள். கோடையில் நஞ்சைக் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகக் கிடக்கும். கம்பி அதில் வளைந்துபோகும். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, தடித்த இரும்பு முளையைச் சுத்தியலால் அடியுங்கள். கடற்கரை மணலில் எந்த முளையும் நிற்காது. அதற்கு உரச் சாக்கு இருக்கிறது. ஒரு சாக்கில் பாதி மணல் நிரப்பிக் கழுத்தைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கால் ஆழக் குழியில் புதைத்து மூடிவிட்டால் அசையாது. சாக்குகளை மடித்துப் பையோடு வைத்துக்கொண்டால் கனமே இல்லை.

இப்போது ஓரம். தொங்கலை வெளிப்பக்கமாகப் பரப்பிச் சுற்றிலும் நடந்து வாருங்கள். களத்தில் என்றால் ஈரச்சாக்கை நீளமாக மடித்து மேலே போட்டால் போதும். மணலில் கையாலேயே மணலைத் தள்ளி மூடலாம். தாள் நிற்கும் தரையில் வேறு வழியில்லை, தாளைச் செதுக்கி, வைக்கோல் புரி போட வேண்டியதுதான். மூலைகளில் தொங்கல் தூக்கும், அங்கே மட்டும் இரட்டிப்பாகப் போடுங்கள். முடிந்ததும் ஒருவர் உள்ளே போய்க் குனிந்து உட்காரட்டும். பகல் வெளிச்சம் எங்கே கீற்றாகத் தெரிகிறதோ அதுதான் சந்து. இருட்டும் முன் விரிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே இருக்கும்போது

விளக்கு மஞ்சள் நிறமாக இருக்கட்டும், வெள்ளை எல்இடி பூச்சியைக் கூட்டும். ஐப்பசி, கார்த்திகையில் விளக்கைச் சுற்றி மொய்க்கும் பச்சைத் தத்துப்பூச்சியை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. உழவர்கள் விளக்குப்பொறி வைப்பது அதற்குத்தான். அதே வழியை நாமும் செய்யலாம்: இருபது முப்பதடி தள்ளி வெளியே ஒரு வெள்ளை விளக்கை எரியவிட்டு, உள்ளே மங்கலான மஞ்சள் விளக்கு. பூச்சி அங்கேயே போய்விடும்.

அடுப்பு உள்ளே கூடவே கூடாது. வலை நைலானோ பாலியஸ்டரோ, ஒரு தீப்பொறி பட்டால் உருகி உள்ளங்கை அளவு ஓட்டை விழும். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், சரியாக மூடிய கூடாரத்தில் அதற்கு வேலையில்லை. பொங்கல் அடுப்பை காற்று போகும் பக்கம், கூடாரத்திலிருந்து நல்ல தூரத்தில் வையுங்கள். கம்பியில் தூளி கட்டாதீர்கள். பிள்ளை அழுகிறதே என்று யாராவது சேலையை எடுத்து வருவார்கள், அவர்களுக்கு வேப்பமரக் கிளையைக் காட்டுங்கள்.

உள்ளே வருகிறவர் வாசலில் நின்று சேலைத் தலைப்பாலோ துண்டாலோ ஒரு தரம் உதறிவிட்டு, ஜிப்பைப் பாதி மட்டும் திறந்து நுழைய வேண்டும். இதைச் சொல்ல வாசலில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது அத்தை.

தூங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இது உட்காரும் இடம். இதற்கு அடித்துணி கிடையாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது, தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது, கடித்த வலிகூடச் சில சமயம் தெரியாது. தொங்கலில் போட்ட சாக்கு பாம்பை நிறுத்தாது. ராத்தங்க வேண்டுமென்றால் அடி தைத்த கூடாரம் தனியாக வேண்டும். அல்லது இதற்குள் கயிற்றுக் கட்டில் போட்டு, அதற்கென்று தனிக் கொசுவலை கட்டி, வலையைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிப் படுக்க வேண்டும். அப்படியும் யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கைகாலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காற்றும் மழையும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வலைக்கூடாரம் எம்மாத்திரம்? சின்ன மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டரை எட்டிவிட்டது என்று கணக்கு. அப்போதே மடக்கிவிடுங்கள். கூரை உள்வாங்கி, குடை திரும்பிக்கொள்வது போலத் திரும்பினால் கம்பி முறியும். நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கடற்கரையில் பிற்பகலில் கடற்காற்று ஏறும் என்பதால் காலையில் போட்ட கயிறுகளை மூன்று மணிக்கு ஒரு தரம் இழுத்துக் கட்டுங்கள்.

இடி கேட்டால் உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சமமான வயலில் நிமிர்ந்து நிற்பது உங்கள் கூடாரம்தான். காருக்குள்ளோ ஓட்டு வீட்டுக்குள்ளோ போங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள். தூறல் மட்டும் என்றால் கூரையில் குட்டை கட்டாமல் உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருங்கள்.

மடக்குவது

விடிந்ததும் அவசரப்பட்டு மடக்க வேண்டாம். மார்கழி, தையில் கூரை பனியில் நனைந்து சொட்டும். வெயில் ஏறிக் காயும் வரை காத்திருங்கள். ஈரத்தோடு மடக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அன்றைக்கே மாடியில் திரும்ப விரித்துக் காயப்போடுங்கள். இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அந்த நாற்றம் அப்புறம் போகாது. உப்பங்காற்றில் இருந்து வந்தது என்றால் நல்ல தண்ணீரில் அலசி, ஜிப் பல்லில் மணல் போகத் துலக்கி, மெழுகுவர்த்தியால் ஒரு தரம் தேய்த்துவிடுங்கள்.

மடக்கும் வரிசை விரித்ததற்கு நேர் எதிர். ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், உள்ளே காற்று நின்றால் மடங்காது. சுவர்க் குமிழை உள்பக்கம் தள்ள வேண்டும், கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. எல்லாம் தளர்ந்ததும் கால்களை ஒன்றாகச் சேர்த்து, வலையை வெளிப்பக்கம் உருவிவிட்டுக்கொண்டே சுருட்டுங்கள். கம்பிக்கு நடுவே மாட்டிய வலைதான் அடுத்த தடவை கிழியும். சின்னக் கிழிசலுக்கு நகப்பூச்சு ஒரு சொட்டு போதும், பெரிது என்றால் பழைய கொசுவலைத் துண்டு வைத்துத் தைத்துவிடலாம்.

கடைசியாக முளைகளை எண்ணுங்கள். எத்தனை கொண்டு போனீர்கள் என்று பையின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருங்கள். எங்களுடையதில் பதினான்கு. ஒருமுறை பதின்மூன்றுதான் இருந்தது. ஒரு மணி நேரம் தாளுக்குள் குனிந்து தேடினோம், கிடைத்த பிறகுதான் கிளம்பினோம். அந்த வயலில் மறுநாள் வெறுங்காலோடு உளுந்துக்குக் களை எடுக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.